புதியவர் கட்டும் சுங்கம்

பழைய பட அஞ்சலட்டைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே தரமுள்ள அட்டைகளை இணை இணையாகக் கட்டினார்கள். ஒரு கட்டு, இபே ஏலத் தளத்தில் பல காலமாக நற்பெயர் ஈட்டியிருந்த விற்பனையாளரின் பெயரில் ஏலத்துக்குப் போனது. அதன் இணைக்கட்டு, அதே விற்பனையாளர் புதிதாகத் திறந்த கணக்குகளின் பெயரில் போனது. பொருள் ஒன்று, அனுப்பும் கை ஒன்று, பெயர் மட்டும் வேறு. பழைய பெயருக்கு மக்கள் 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் முதலியோர் 2006இல் வெளியிட்ட இந்த ஆய்வு, புதியவராக இருப்பதற்கு என்ன விலை என்பதை எண்ணாகவே காட்டிவிட்டது.

அஞ்சலட்டையையாவது படம் பிடித்துப் போடலாம். மடிப்பும் கிழிசலும் தெரியும். தபாலில் வராவிட்டால் புகார் செய்யலாம். மின்னூல், எழுத்துரு, செயலி, கணினி விளையாட்டு, காணொளிப் பாடம் போன்றவற்றை விற்கிறவர் ஓர் இணையக் குழுவுக்குள் முதன்முதலாக நுழைந்து பொருளை எடுத்து வைக்கும்போது, 8 சதவீதத் தள்ளுபடியோடு தப்பித்தால் அது பெரிய அதிர்ஷ்டம். பெரும்பாலும் யாரும் பதில் எழுதுவதில்லை. எழுதினால், "இங்கே விளம்பரம் செய்யாதீர்கள்" என்று நிர்வாகி எழுதுகிறார். மாதக்கணக்கில் இரவு விழித்துச் செய்த வேலை அரை நிமிடத்தில் நீக்கப்படுகிறது.

இந்தச் சந்தேகத்தைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். வாரச்சந்தையில் கடை போடுகிறவர் சுங்கம் கட்டுவதுபோல, முன்பின் தெரியாதவர் ஒரு குழுவுக்குள் வந்து விற்கவேண்டுமானால் ஏதோ ஒன்றைக் கட்டித்தான் ஆகவேண்டும். அந்தச் சுங்கத்தை எந்த வடிவில் வாங்குவது என்பதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தீராத கேள்வி. பணமாக வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், காலமாக வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், வேலையாக வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஏமாற்றுக்காரனால் கட்டமுடியாததும் ஏழையான நேர்மையாளரால் கட்டமுடிவதுமான சுங்கம் எதுவோ அதுவே நல்ல சுங்கம். இந்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

சந்தேகத்தின் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எந்த வண்டிக்கும் சராசரி விலைதான் பேசுகிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி ஒதுங்கிக்கொள்கிறார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இந்தச் சிந்தனை முக்கியக் காரணம். காரையாவது ஓட்டிப் பார்க்கலாம்; மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாம். தகவலை அப்படிப் பார்க்க முடியாது. கென்னத் ஆரோ 1962இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்: ஒரு தகவலின் மதிப்பை அறியவேண்டுமானால் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும், தெரிந்துகொண்டபின் அதற்குக் காசு கொடுக்க என்ன தேவை? மின்னூலை முழுதும் படித்துவிட்டவர் அதை ஏன் வாங்கவேண்டும், படிக்காதவர் எதை நம்பி வாங்குவார்?

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர்கள் பொருளாதார அறிஞர்கள் அல்லர், வீட்டிலிருந்து நிரல் எழுதிய இரண்டு பேர்.

1982. கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்ற பத்திரிகை ஆசிரியர், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிகள் பேசிக்கொள்ள உதவும் பீசி-டாக் என்ற நிரலை எழுதினார். வாஷிங்டன் மாநிலத்தில் ஐபிஎம் ஊழியர் ஜிம் நாஃப், ஜிம் பட்டன் என்ற புனைபெயரில், தகவல்களை அடுக்கி வைக்கும் ஒரு நிரலை எழுதினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைத் தேர்ந்தார்கள். நிரலை முழுதாகக் கொடுத்துவிடுவது. பயன்பட்டால் பணம் அனுப்புங்கள், நண்பர்களுக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள் என்று அதற்குள்ளேயே எழுதிவைப்பது. பின்னர் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியவந்தபோது, போட்டியாளர்களாக ஆகியிருக்கலாம். அப்படி ஆகவில்லை. நாஃப் தன் நிரலின் பெயரை பீசி-ஃபைல் என்று இணையாக மாற்றிக்கொண்டார், இருவரும் 25 டாலர் என்று ஒரே தொகையைக் கேட்டார்கள், தத்தம் நிரலில் மற்றவரின் நிரலைப் பற்றியும் எழுதினார்கள். மைக்ரோசாஃப்டின் தொடக்ககால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ் 1983இல் அங்கிருந்து வெளியேறி பீசி-ரைட் என்ற எழுத்துச் செயலியை இதே வழியில் விட்டார். 'ஃப்ரீவேர்' என்ற பெயர் ஃப்ளூகல்மனின் வணிகக்குறியாக இருந்ததால் வாலஸ் 'ஷேர்வேர்' என்ற பெயரைப் பரப்பினார். நகல் எடுத்துக் கொடுத்தவர் மூலம் யாராவது பணம் கட்டிப் பதிவு செய்தால், கொடுத்தவருக்கும் ஒரு பங்கு அனுப்பினார்.

இதில் நான் பெரிதும் மதிப்பது, அவர்கள் பயத்தை எதிர்கொண்ட விதத்தை. மென்பொருள் விற்ற பெரிய நிறுவனங்கள் அப்போது நகலெடுப்பைத் தடுக்கப் பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டிருந்தன. இவர்கள் நகலெடுப்பவரையே தூதராக்கினார்கள். நிரல் இருந்த நெகிழ்தட்டு யாரோ ஓர் அந்நியரிடமிருந்து வரவில்லை. கணினிப் பயனர் சங்கக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கொடுத்தது. புதியவரின் பொருளுக்குப் பழையவரின் கை ஜாமீன் நின்றது. முன்கூட்டியே முழு வேலையையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இவர்கள் கட்டிய சுங்கம். ஏமாற்றுக்காரனால் அதைக் கட்டமுடியாது, ஏனென்றால் கொடுப்பதற்கு அவனிடம் வேலை இல்லை.

1993 டிசம்பர் 10 அன்று டூம் விளையாட்டின் முதல் பகுதி இலவசமாக இணையத்தில் ஏற்றப்பட்டதும் இதே மரபில்தான். மூன்று பகுதிகளில் ஒன்றை இலவசமாகத் தந்து மற்ற இரண்டை விற்றார்கள். ஆரோ சொன்ன சிக்கலுக்கு அது அழகான விடை: பொருளை வெட்டினால், ஒரு துண்டு சாட்சியாகவும் மீதி சரக்காகவும் ஆகிவிடுகிறது.

அந்த நம்பிக்கைச் சூழல் ஏன் கெட்டது என்று கேட்டால், ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். 1994 ஏப்ரல் 12. அரிசோனாவில் வழக்கறிஞர் தொழில் நடத்திய லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் தம்பதியர், அமெரிக்கக் குடியேற்ற அட்டைக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை யூஸ்நெட்டில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விவாதக் குழுக்களில் ஒரே நேரத்தில் போட்டார்கள். பூச்செடி வளர்ப்பவர்கள் குழுவிலும் அதே விளம்பரம், கணிதக் குழுவிலும் அதே விளம்பரம். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்து, அவர்களுக்கு இணைப்புத் தந்த நிறுவனத்தின் கணினிகளே திணறின, இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அவர்கள் வருந்தவில்லை, இணையத்தில் இப்படிச் சம்பாதிப்பது எப்படி என்று புத்தகமும் எழுதினார்கள். அவர்கள் விற்றது மென்பொருள் அல்ல, சேவை. ஆனாலும், கேட்காத கூட்டத்தின் நடுவே கடைவிரிக்க ஒரு காசுகூடச் செலவில்லை என்பதை உலகுக்கு அறிவித்தவர்கள் அவர்கள்தான். அதன்பின் வந்த ஒவ்வொரு குழு நிர்வாகியும் நேர்மையான புதியவரைப் பார்க்கும்போதும் அந்தத் தம்பதியரின் நிழலைத்தான் பார்க்கிறார்.

எரிக் ஃப்ரீட்மனும் பால் ரெஸ்னிக்கும் 2001இல் இதற்கு ஒரு கணக்கு போட்டார்கள். இணையத்தில் பெயர் மாற்றுவது மலிவு. கெட்ட பெயர் வந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுநாள் புதியவராக வரலாம். ஆகவே புதியவர்களையும் பழையவர்களைப் போலவே உடனே நம்பும் குழு, ஏமாற்றுபவருக்குத் திரும்பத் திரும்ப வாய்ப்பு கொடுக்கிறது. விளைவு, புதியவர் எல்லோருமே தங்கள் நேர்மையை நிரூபிக்கும்வரை சற்றுத் தாழ்ந்த இடத்தில் நிற்கவேண்டியிருக்கிறது. குற்றம் செய்யாதவரும் குற்றவாளிக்காக அபராதம் கட்டுகிறார். மலிவான பெயர்களுக்குச் சமூகம் கொடுக்கும் விலை என்று அவர்கள் அதைச் சொன்னார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடத் தெளிவுதான் வந்தது. நிராகரிப்பு தனிப்பட்ட அவமானம் அல்ல என்று ஒரு புதியவருக்குச் சொல்ல அதைவிட நல்ல சான்று இல்லை.

சரி, அந்த அபராதத்தை எப்படி வசூலிப்பது? பணமாக வசூலித்துப் பார்த்தது வால்வ் நிறுவனம். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2012 ஆகஸ்ட் இறுதியில் கிரீன்லைட் என்ற வாசலைத் திறந்தார்கள்: யார் வேண்டுமானாலும் தங்கள் விளையாட்டை வைக்கலாம், பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். திறந்த சில நாட்களிலேயே கேலிக்காகப் போடப்பட்டவையும் அடுத்தவர் படைப்பைத் தன்னுடையது என்று போட்டவையும் குவிந்தன. உடனே 100 டாலர் கட்டணம் வைத்தார்கள். தொகை குழந்தைகளுக்கான ஓர் அறக்கட்டளைக்குப் போனது. குப்பை குறைந்தது. கூடவே, கையில் காசில்லாத இளம் படைப்பாளிகளுக்கு அது பெரிய தொகை என்ற எதிர்ப்பும் எழுந்தது. 2017 ஜூனில் கிரீன்லைட்டை மூடிவிட்டு ஸ்டீம் டைரக்ட் என்ற முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு விளையாட்டுக்கு 100 முதல் 5,000 டாலர் வரை எவ்வளவு வைக்கலாம் என்று யோசித்தார்கள். கடைசியில் 100 டாலரிலேயே நின்றார்கள். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு நியாயமானது. ஆனாலும் சியாட்டிலில் ஒரு மாலைச் செலவாக இருக்கும் 100 டாலர், நம் ஊரில் முதல் வேலையில் இருக்கும் இளைஞருக்கு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. பணச் சுங்கத்தின் குறை இதுதான்: வசதியான மோசடிக்காரனை உள்ளே விட்டு, வறிய கலைஞரை வெளியே நிறுத்திவிடும்.

காலமாக வசூலிப்பது அதைவிடப் பரவலான முறை. பத்து முறை பேசினால் ஒரு முறை உங்கள் பொருளைப் பற்றிப் பேசலாம் என்ற வழக்கம் ரெடிட்டில் நெடுநாள் நடைமுறையில் இருந்தது. பல குழுக்களில் கணக்கு தொடங்கி இத்தனை நாள் ஆகியிருக்கவேண்டும், இத்தனை பதிவு எழுதியிருக்கவேண்டும் என்று விதி உண்டு. இதன் நல்ல பக்கம், அந்தக் காலத்தில் குழுவின் பேச்சுமொழியும் தேவையும் புதியவருக்குப் பிடிபட்டுவிடும். சில சமயம் தன் பொருளே அங்கே தேவையில்லை என்பதும் புரிந்துவிடும். கெட்ட பக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பகலில் ஒரு வேலை, மாலையில் குழந்தைகள், இரவில் மட்டும் தன் செயலியில் உட்காரும் ஒரு பெண்ணால் தினமும் இரண்டு மணிநேரம் அந்நியர்களோடு உரையாட முடியாது. அதுவும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில். அதேநேரம், வெற்றுப் பாராட்டுகளை எழுதிப் பதிவு எண்ணிக்கையை ஏற்றிக்கொள்வது மோசடிக்காரனுக்கு எளிது. இன்று அதற்கு இயந்திரமே இருக்கிறது. எண்ணிக்கையை அளக்கும் விதி, எண்ணிக்கையைத்தான் பெறும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். 2009 மே மாதம் ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன், சிறு விளையாட்டுகள் செய்பவர்கள் கூடும் டிக்சோர்ஸ் குழுவில் இன்னும் முடிவடையாத ஒரு விளையாட்டை வைத்தார். கட்டைகளை அடுக்கலாம், உடைக்கலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஸக்கரி பார்த் செய்த இன்ஃபினிமைனர் என்ற விளையாட்டிலிருந்து எண்ணம் பிறந்ததை அவர் மறைக்கவில்லை. பார்த்தவர்கள் குறை சொன்னார்கள், யோசனை சொன்னார்கள். அவர் திருத்தினார், மறுபடி வைத்தார். ஜூன் மாதம் விற்பனை தொடங்கியபோதும் அது முடிந்த பொருள் அல்ல. முழு விலை 20 யூரோவாக இருக்கும், இப்போது வாங்குபவருக்குப் பாதி விலை, இனி வரும் மாற்றங்கள் எல்லாம் சேர்த்து என்று வெளிப்படையாகச் சொன்னார். மைன்கிராஃப்ட் என்ற அந்த விளையாட்டின் முழுமையான பதிப்பு 2011 நவம்பரில்தான் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த முடிவு கோடியில் ஒருவருக்கு நடப்பது. அதைக் காட்டி யாரையும் ஆசைகாட்டக் கூடாது. தொடக்கம் மட்டும் எவருக்கும் இயலக்கூடியது: கடன்பட்ட இடத்தைச் சொல்வது, அரைகுறையை அரைகுறை என்று சொல்லியே வைப்பது, கேட்டதைத் திருத்திவிட்டுத் திரும்பி வருவது.

இந்தச் சுங்கம்தான் என் அளவுகோலுக்குப் பொருந்துகிறது. திறந்த வேலைக்குப் பணம் தேவையில்லை. நாளெல்லாம் அரட்டையில் இருக்கவும் தேவையில்லை. எப்படியும் செய்யப்போகும் வேலையைப் பிறர் பார்க்கச் செய்தால் போதும். இன்று விற்றுவிட்டு நாளை காணாமல் போக நினைப்பவனுக்கு மட்டும் அது கட்டுப்படியாகாது. நிரலாளர்கள் கூடும் ஹேக்கர் நியூஸ் குழுவில் தன் படைப்பைக் காட்டுவதற்கென்றே தனி வகை உண்டு. அங்கே விதி, மக்கள் தாங்களே இயக்கிப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கவேண்டும், வெறும் அறிமுகப் பக்கம் போதாது என்பது. சரியான இடத்தில் வைக்கப்பட்ட வாசல் அது. 2007 ஏப்ரலில் ட்ரூ ஹவுஸ்டன், கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிர உதவும் டிராப்பாக்ஸை அந்தக் குழுவில் காட்டியபோது, லினக்ஸ் தெரிந்தவர் இதைத் தானே எளிதாக அமைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் எழுதினார். ஹவுஸ்டன் கோபப்படாமல், ஒவ்வொரு கேள்வியாக எடுத்து மரியாதையோடு பதில் சொன்னார். பொருள் எப்படி என்று குழுவுக்குத் தெரியும் முன்னரே, பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் எப்படி என்று தெரிந்துவிடுகிறது. புதியவர் அங்கே முதலில் காட்சிக்கு வைப்பது தன் பதில்களைத்தான்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒன்றும் விற்காமல் போகலாம். மாத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேர் கேட்டார்கள். பிறர் எதைத் தரவிறக்கினார்கள் என்று சிலருக்குக் காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். ஒவ்வோர் உலகத்திலும் வெற்றிப் பட்டியல் வேறுபட்டது. மிக நல்ல பாடல் படுமோசமாகத் தோற்பது அரிது, மிக மோசமானது முதலிடம் பெறுவதும் அரிது. இடையில் இருந்தவற்றின் தலையெழுத்தை, முதலில் யார் எதைத் தொட்டார்கள் என்பதே முடிவு செய்தது. முதல் நாள் மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த முதல் தொடுதல்களைத் தானே போலியாக உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற சபலமும் அங்கேதான் பிறக்கிறது. நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திரம், மாற்றுப் பெயரில் கேள்வி, சொந்தப் பெயரில் பதில். இதை நான் சிறு பிழையாகக் கருதமாட்டேன். இந்திய தர நிர்ணய அமைவனம் 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். போலி மதிப்புரை எழுதும் ஒவ்வொருவரும் அடுத்து வரப்போகும் புதியவர் கட்டவேண்டிய சுங்கத்தை ஏற்றிவிட்டுப் போகிறார்.

தமிழ் இணையத்துக்கு இதில் தனிக்கதை உண்டு. இங்கே முதல் கட்டடங்களை எழுப்பியது கொடை. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இன்று திரையில் இவ்வளவு தமிழ் இல்லை. ஆனால் அந்தப் பெருமையிலிருந்தே ஒரு மனக்கோணலும் வளர்ந்தது: தமிழ் எழுத்துருவுக்கோ மின்னூலுக்கோ காசு கேட்பவர் ஏதோ தமிழுக்குத் துரோகம் செய்வதுபோலப் பார்ப்பது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வணிகப் பொருளாகவும் விற்றார்; அவரே உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தலைமையில் இருந்து தமிழ்க் கணிமைக்கான பொதுவேலைகளையும் செய்தார். விற்பதும் கொடுப்பதும் ஒரே மனிதரிடம் இருக்கமுடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலில் தமிழ் வந்தபின், பதிப்பாளர் வாசலில் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் உருவானார்கள். கிண்டில் செலக்ட் திட்டத்தில் 90 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் வரை நூலை இலவசமாகத் தரலாம். ஃபேஸ்புக் குழுக்களில் "இன்று இலவசம்" என்று வரும் அறிவிப்புகள் அங்கிருந்து வருபவை, ஷேர்வேரின் பேரப்பிள்ளைகள். ஆனால் அறிவிப்பு மட்டுமே வந்தால் அது கேன்டர்-சீகல் வழி. நூலின் முதல் அத்தியாயத்தை அந்தக் குழுவிலேயே படிக்கக் கொடுத்து, வரும் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்னால் அது ஃப்ளூகல்மன் வழி. 2023 செப்டம்பரில் ஒருவர் ஒரு நாளில் புதிதாக மூன்று நூலுக்குமேல் ஏற்றமுடியாது என்று அமேசான் வரம்பு விதிக்கவேண்டி வந்ததிலிருந்து, வாசல் இன்னும் எவ்வளவு நெருக்கடியாகப் போகிறது என்பதை ஊகிக்கலாம். இயந்திரம் எழுதிய நூல்களின் வெள்ளத்தில், கைப்பட எழுதிய புதியவர்மீதும் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

விற்க வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். இது என் பொருள், இதற்கு விலை இவ்வளவு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். விலையை ஒளித்துவைத்து நட்பாகப் பேசிக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். பொருளால் என்ன முடியாது என்பதையும் எழுதுங்கள். பிடிக்காவிட்டால் பணம் திரும்பத் தருவேன் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். ஸ்டீம் தளம் 2015 முதல், இரண்டு மணிநேரத்துக்குள் விளையாடிப் பார்த்து 14 நாளுக்குள் திருப்பிக் கேட்டால் பணத்தைக் கொடுத்துவருகிறது.

குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் சொல்லவேண்டியது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். எலிசபெத் ஜாய்ஸ், ராபர்ட் கிராவுட் இருவரும் 2006இல் ஆறு விவாதக் குழுக்களில் முதன்முதலாக எழுதிய 2,777 பேரை ஆராய்ந்தார்கள். முதல் பதிவுக்கு யாராவது பதில் எழுதியிருந்தால், அவர்கள் மறுபடியும் எழுத வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அடுத்த முறை முகம் தெரியாத ஒருவர் தன் எழுத்துருவையோ செயலியையோ உங்கள் குழுவில் கொண்டுவந்து வைத்தால், வாங்கவேண்டாம். ஐந்து நிமிடம் இயக்கிப் பார்த்து, எது சரியாக இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். திருத்திக்கொண்டு திரும்பி வருகிறாரா என்று பாருங்கள்.